எந்த ஒயின் ஆலைக்குப் போகலாம்? கேள்வியிலேயே இருக்கிறது பிழை





பெங்களூருவில் கணினி நிறுவனங்களில் பணியாற்றும் நம் திருவண்ணாமலை இளைஞர்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரு புதுவகைக் கேள்வி நமக்கு வந்துகொண்டிருக்கிறது. "ஹஜ்ரத், நண்பர்களோடு நாசிக்கிற்கு மூன்று நாள் சுற்றுலா போகிறோம். அங்கே நுரை பொங்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் தயாரிக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க நேரம் போதாது. நாங்கள் குடிக்கப் போவதில்லை, சுற்றிப் பார்க்க மட்டும்தான். இவற்றுள் எதற்குப் போகலாம்?" என்று கேட்கிறார்கள். சிலர் பெயர்ப் பட்டியலையே அனுப்பி, எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

கேட்பவர்களைக் கடிந்துகொள்வது நம் நோக்கமன்று. மார்க்கத்தைப் பற்றிய அக்கறை இல்லாதவர் மதரஸா ஆசிரியரிடம் வந்து கேட்கமாட்டார். கேட்காமலே போய்வந்து, கையில் கோப்பையோடு படம் பிடித்துப் போடுகிறவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் கேள்வி கேட்கப்படும் விதத்தில் ஒரு பெரும் பிழை ஒளிந்திருக்கிறது. 'போகலாமா?' என்பது முதல் கேள்வி, 'எதற்குப் போகலாம்?' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் போய் நிற்பவருக்கு, முதல் கேள்விக்கான விடை தானாகவே 'ஆம்' என்று முடிவாகிவிடுகிறது. ஷைத்தான் மனிதனை ஒரேயடியாகப் பாவத்தில் தள்ளுவதில்லை. இப்படிப்பட்ட சின்னச் சின்ன வசதிகளைக் காட்டியே அவனை அழைத்துச் செல்கிறான்.

பட்டியலில் என்ன இருக்கிறது?

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, ஒயின் ஆலைகளுக்கு வரிச் சலுகைகளை அள்ளி வழங்கியது. நாசிக் மாவட்டத்து விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்துப் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் உருவாயின. அதற்குச் சற்று முன்பு, 1999-இல் நாசிக்கில் நிறுவப்பட்ட சுலா, இன்று நாட்டின் மிகப் பெரிய ஒயின் நிறுவனம். 2022 டிசம்பரில் பங்குச் சந்தையிலும் அது நுழைந்தது. ஷாம்பெயினுக்குப் பெயர்போன பிரெஞ்சு நிறுவனமான மொயேவின் குழுமம், நாசிக்கின் திண்டோரியில் ஷாண்டோன் என்ற பெயரில் ஆலை வைத்து, 2013-இல் இந்தியத் தயாரிப்பை அறிமுகம் செய்தது. யார்க், சோமா போன்ற பிற பெயர்களும் பட்டியல்களில் இடம்பெறுகின்றன. அவ்வளவு தொலைவு போக விரும்பாதவர்களுக்கு, பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், நந்தி மலையடிவாரத்தில் 1988-இல் தொடங்கப்பட்ட குரோவர் தோட்டம் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் போய்ச் சேரலாம்.

இவை வெறும் ஆலைகளல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஆலையையோ நூற்பாலையையோ சுற்றிப் பார்க்க யாரும் கட்டணம் கொடுத்துப் போவதில்லை. இங்கே தோட்டம், தங்கும் விடுதி, உணவகம், இசை விழா, திராட்சையைக் காலால் மிதிக்கும் கேளிக்கை ஆகியவை எல்லாம் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. சுலா நிறுவனம் தன் கணக்கில் ஒயின் விற்பனையைப் போலவே 'ஒயின் சுற்றுலா' என்பதையும் தனி வருவாய் இனமாகக் காட்டுகிறது. ஆகவே சுற்றிப் பார்க்கப் போகிறவர் அந்த வணிகத்திற்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவரல்லர். அவரே அந்த வணிகத்தின் ஒரு பகுதி.

மதீனாவின் தெருக்களில் யாரும் பட்டியல் போடவில்லை

மது முற்றிலுமாகத் தடுக்கப்பட்ட செய்தி மதீனாவில் அறிவிக்கப்பட்டபோது நடந்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நம் மதரஸா மாணவர்களும் அறிவார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அமர்ந்திருந்தவர்களுக்கு அவர் பேரீச்ச மதுவை ஊற்றிக்கொண்டிருந்தார். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. உடனே குடங்களைக் கவிழ்க்கும்படியும் உடைக்கும்படியும் சொல்லப்பட்டது. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

அந்த நிகழ்வில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அன்று அங்கே அமர்ந்திருந்தவர்கள் 'இந்தக் குடத்திலிருப்பது நல்ல தரம், இதை மட்டும் வைத்துக்கொள்வோமா?' என்று கேட்கவில்லை. 'குடிக்கமாட்டோம், அழகுக்காக வைத்திருப்போமா?' என்றும் கேட்கவில்லை. அவர்கள் மதுவைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களல்லர். அதன் வகைகள், பழமை, சுவை அனைத்தையும் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அந்த அறிவே அவர்களுக்குத் தடையாக நின்றிருக்கலாம், ஆனால் நிற்கவில்லை. ஒரு நாளும் மதுவைச் சுவைத்தறியாத நம் பிள்ளைகள், பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து, அந்த உடைந்த குடங்களின் துண்டுகளைத் தேடிப் பயணப்படுவதுதான் வியப்பு.

நுரையைப் பற்றி ஃபிக்ஹ் என்ன சொல்கிறது?

"எப்படித் தயாரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அறிவுதானே?" என்பது அடிக்கடி வரும் வாதம். அறிவு தவறில்லை. அதற்காக அங்கே போக வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாக, அதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சேரும்போது, அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. சாதாரண ஒயினில் அந்த வாயு வெளியேறிவிடும். ஸ்பார்க்ளிங் ஒயினில் அதை உள்ளேயே அடைத்து வைக்கிறார்கள். ஷாம்பெயினின் பாரம்பரிய முறைப்படி, ஒரு முறை நொதித்த ஒயினைப் புட்டியில் ஊற்றி, மேலும் சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாவது நொதித்தல் நிகழ்கிறது. உள்ளே ஐந்து முதல் ஆறு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. அது மகிழுந்துச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப்போல் இரு மடங்கிற்கும் மேல். அதனால்தான் புட்டி அவ்வளவு தடிமனாக இருக்கிறது, தக்கை கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. பிறகு புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி, செத்த ஈஸ்ட்டின் கசடைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, அதை வெளியேற்றி, மறுபடி தக்கை அடைக்கிறார்கள். விலை குறைந்த வகைகளில் இந்த இரண்டாவது நொதித்தல் பெரிய எஃகுத் தொட்டிகளில் நடக்கிறது. தயாரிப்பின் சாரம் இவ்வளவுதான்.

இப்போது ஃபிக்ஹு நூல்களைத் திறப்போம். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், 'கம்ரு' என்றால் என்ன என்பதற்கு வரையறை மிகத் தெளிவாக இருக்கிறது. பச்சைத் திராட்சைச் சாறு பொங்கி, வீரியமடைந்து, நுரையை வெளித்தள்ளினால் அது கம்ரு. அந்த நுரை கட்டாயமா என்பதில்தான் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும், அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) ஆகியோருக்கும் கருத்து வேறுபாடு. நுரை தள்ளினால்தான் கம்ரு என்றார்கள் இமாம் அவர்கள். பொங்கி வீரியமடைந்தாலே போதும், நுரை தேவையில்லை என்றார்கள் மாணவர்கள்.

பேரீச்சை, தேன், தானியம் முதலியவற்றின் பானங்கள் குறித்து முற்கால ஹனஃபி அறிஞர்களிடையே நடந்த நீண்ட விவாதங்களைச் சிலர் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்துவிட்டு, "ஹனஃபியில் இடமிருக்கிறதாமே" என்கிறார்கள். அந்த விவாதங்கள் எல்லாம் பச்சைத் திராட்சைச் சாறு அல்லாத பானங்களைப் பற்றியவை. பச்சைத் திராட்சைச் சாற்றிலிருந்து உருவான போதைப் பானம் துளியளவும் ஹராம் என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டாவது கருத்தே கிடையாது. இளைஞர்கள் ஆலை தேடி அலையும் இந்தப் பானமோ, பச்சைத் திராட்சைச் சாறு, இரு முறை பொங்கியது, நுரைக்காகவே போற்றப்படுவது. இமாம் அவர்கள் விதித்த மிகக் கடுமையான நிபந்தனைகூட இதில் நிறைவேறிவிட்டது. ஐயத்திற்கு இடமே இல்லாத ஒன்றில் போய் ஐயம் கேட்கிறோம்.

"நாங்கள் குடிக்கமாட்டோம், பார்க்கத்தான் போகிறோம்"

மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர் இறைச் சாபத்திற்கு உரியவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. குடிப்பவர் அந்தப் பத்தில் ஒருவர் மட்டுமே. பிழிபவர், பிழியச் சொல்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என ஏனைய ஒன்பது பேரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்களாக இருக்கலாம். மார்க்கம் மதுவை ஒரு தனி மனிதனின் தொண்டையில் மட்டும் தடுக்கவில்லை. அது வரும் பாதை முழுவதையும் அடைத்திருக்கிறது.

இப்போது ஒரு சுற்றுலா நுழைவுச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டணத்திலேயே சில கோப்பைகளின் விலையும் அடங்கியிருக்கிறது. தோட்டத்தைக் காட்டி, தொட்டிகளைக் காட்டி, கடைசியில் சுவைக்கும் கூடத்தில் கொண்டுபோய் அமர்த்துவார்கள். சுற்றுலாவே அந்தக் கூடத்திற்காகத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. நம் சகோதரர் தம் கோப்பையைத் தொடாமல் வைக்கலாம். ஆனால் அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டார். தம் பங்கைப் பக்கத்திலிருக்கும் நண்பரிடம் நகர்த்தியும் விடுவார். மேலே சொன்ன பத்துப் பேரில் வாங்குபவர் யார், எடுத்துக் கொடுப்பவர் யார் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புவோருக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதும் திர்மிதியில் உள்ளது. குடிக்க வேண்டாம் என்பதோடு அந்த அறிவுரை நிற்கவில்லை, அமர வேண்டாம் என்கிறது. கலீஃபா உமர் இப்னு அப்தில் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய கூட்டம் ஒன்று பிடித்துக் கொண்டுவரப்பட்டது. அவர்களில் ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. கலீஃபா அவர்கள் அவரையும் விட்டுவிடவில்லை. இறைவசனங்கள் கேலி செய்யப்படும் அவையில் உடன் அமர்வோரைப் பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 140-ஆவது வசனத்தைச் சான்றாகக் காட்டினார்கள் என்று தஃப்ஸீர் குர்துபியில் காண்கிறோம். நோன்பாளி என்ற காரணமே ஏற்கப்படாத இடத்தில், 'நாங்கள் பழச்சாறுதான் குடித்தோம்' என்பது எம்மாத்திரம்?

திராட்சைக் கொடியில் பாவமில்லை, மண்ணிலும் பாவமில்லை. வேளாண் கல்லூரி மாணவர் ஒருவர் கொடியின் நோயை ஆராய ஒரு தோட்டத்திற்குப் போவதும், விடுமுறையைக் கொண்டாட ஒயின் ஆலைகளை வரிசைப்படுத்திக்கொண்டு போவதும் ஒன்றல்ல. நோக்கமும் இடமும் மாறும்போது சட்டமும் மாறும்.

கண்ணாடிக் கோப்பையும் நெகிழிக் குவளையும்

நம் மனத்தை உண்மையில் உறுத்துவது வேறொன்று. டாஸ்மாக் கடை வாசலில் விழுந்து கிடப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கும் அதே இளைஞர், நாசிக் ஆலையைப் 'பண்பாடு' என்கிறார். சாலையோரத்தில் நெகிழிக் குவளையில் குடிப்பவர் குடிகாரர். நீண்ட கண்ணாடிக் கோப்பையில் நுரையை முகர்பவர் ரசிகர். இந்த வேறுபாட்டை எந்த மார்க்கம் வகுத்தது? இதை வகுத்தது பணம் ஒன்றுதான்.

2024 ஜூன் மாதம் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் நச்சுச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அந்தச் செய்தியைப் படித்தபோது நம் ஜமாஅத்தில் கலங்காதவர் இல்லை. 'ஏழைகள் மலிவான சரக்கைக் குடித்து மடிந்தார்கள்' என்று பேசிக்கொண்டோம். சிக்கல் மலிவில் மட்டும்தான் இருக்கிறதென்றால், விலையுயர்ந்த மது ஹலாலாகிவிட வேண்டுமே! மெத்தனாலின் நஞ்சு ஓர் இரவில் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் உயர்தர மதுவிலும் இருப்பது அதே எத்தனால்தான். ஆல்கஹால் கலந்த பானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என 1988-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. உடல்நலத்திற்குக் கேடு தராத மது அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே கூறியது. அந்த அறிக்கை ஷாம்பெயினுக்கு விலக்குக் கொடுக்கவில்லை.

இது முஸ்லிம்களின் தனிக் கவலையும் அன்று. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று இந்திய அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. 1937-இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 2015 ஜூலை இறுதியில் மதுக்கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தின் மீது ஏறிப் போராடி உயிர்விட்டவர் காந்தியவாதி சசிபெருமாள். 2022-இல் மகாராஷ்டிர அரசு பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்க முடிவெடுத்தபோது எதிர்த்துக் குரல்கொடுத்தவர் அன்னா ஹசாரே. நம் ஊரிலும் தீபத் திருவிழாவையொட்டி மதுக்கடைகள் மூடப்படுவதை வழக்கமாகக் காண்கிறோம். இலட்சக்கணக்கான இந்துச் சகோதரர்கள் மலையைச் சுற்றி நடக்கும் பாதை மது வாடை இல்லாதிருக்க வேண்டும் என்று அவர்களே விரும்புகிறார்கள். பிற சமயத்து மக்கள்கூடத் தம் புனித நாளில் மதுவை விலக்கி வைக்க எண்ணும் ஊரில் வாழ்ந்துகொண்டு, ஆண்டு முழுதும் அதை விலக்கி வாழக் கடமைப்பட்ட நாம் அதைத் தேடிப் போவது எவ்வளவு வெட்கத்திற்குரியது!

உமர் கய்யாமின் பெயரால்

"முஸ்லிம் உலகத்திலேயே மதுவைப் பாடிய கவிஞர்கள் இருந்தார்களே" என்பார்கள் சற்றுப் படித்தவர்கள். முதலில் வரும் பெயர் உமர் கய்யாம். இந்தியாவில் ஸ்பார்க்ளிங் ஒயின் தயாரிப்பில் முன்னோடியான, புணே அருகிலுள்ள நாராயண்காவின் இண்டேஜ் நிறுவனம், 1980-களில் பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு ஏற்றுமதிக்குத் தயாரித்த நுரை மதுவிற்கு 'உமர் கய்யாம்' என்றே பெயர் சூட்டியது.

யார் இந்த உமர் கய்யாம்? 1048-இல் நிஷாப்பூரில் பிறந்தவர். முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளின் துணைகொண்டு தீர்க்கும் வழியை முறைப்படுத்திய கணித மேதை. சல்ஜூக் சுல்தான் மலிக் ஷாவின் காலத்தில் வானியல் அறிஞர் குழுவில் இருந்து, 1079-இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை உருவாக்கியவர்களுள் ஒருவர். நிலவின் ஒரு பள்ளத்திற்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. 1859-இல் எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு தம் விருப்பம்போல் ஆங்கிலத்தில் ஆக்கிய ருபாயியாத்தின் வழியாகவே அவர் உலகிற்குக் 'குடிக் கவிஞர்' ஆனார். தமிழிலும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ஆக்கத்தால் அவர் அறிமுகமானார். அவர் பெயரில் வழங்கும் பாடல்களில் எவை அவருடையவை என்பதே அறிஞர்களிடையே தீராத விவாதம். அவை அவருடையவையே என்றாலும், ஒரு கவிஞரின் கவிதை நமக்கு ஷரீஅத் ஆகிவிடாது. ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பை எல்லாம் மறந்துவிட்டு, அவரை ஒரு புட்டியின் மேல் ஒட்டிய தாளாகச் சுருக்கியது வணிகம். அதை நாமும் நம்பித் திருப்பிச் சொல்கிறோம் என்பதுதான் வேதனை.

விவசாயியின் பெயரால்

"திராட்சை விவசாயிகளின் பிழைப்பு என்னாவது?" என்று கேட்பவரும் உண்டு. நாசிக்கின் தோட்டங்களில் விளைவதில் ஒயினுக்குப் போவது மிகச் சிறு பங்கு. பெரும்பகுதி உண்ணும் பழமாகவும் உலர் திராட்சையாகவும் விற்பனையாகிறது. ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியாவதும் அந்தப் பழமே. விவசாயியை வாழவைக்க விரும்புகிறவர் ஒரு பெட்டி பழமும் இரண்டு கிலோ உலர் திராட்சையும் வாங்கி வரட்டும். நம் மாநிலத்திலேயே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தோட்டங்களில் பந்தலின் கீழ் நின்று குலைகளைப் பார்க்கலாம், விவசாயியிடமே வாங்கி உண்ணலாம்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67-ஆவது வசனத்தில் அல்லாஹ், பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர்கள் போதைப் பொருளையும் நல்ல உணவையும் எடுத்துக்கொள்வதைக் குறிப்பிடுகிறான். மது தடுக்கப்படுவதற்கு முன் மக்காவில் அருளப்பட்ட வசனம் அது. அப்போதே 'நல்ல' என்ற அடைமொழி உணவுக்குத்தான் கொடுக்கப்பட்டது, போதைக்குக் கொடுக்கப்படவில்லை என்று விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரே கொடி, ஒரே பழம்தான். எதை எடுப்பது என்பதில்தான் மனிதனின் அறிவு சோதிக்கப்படுகிறது.

வேலையும் பிழைப்பும்

நிறுவனமே குழுச் சுற்றுலாவாக அழைத்துப் போகிறது, மறுக்க முடியவில்லை என்கிறவர்களின் இக்கட்டு நமக்குப் புரிகிறது. அவர்கள் கடைசி நேரத்தில் சாக்குச் சொல்லாமல், இடம் முடிவாகும் முன்பே மேலாளரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லட்டும். நிறுவனங்கள் பல சமய மக்களைக் கொண்டு நடப்பவை. கோட்டை, அணை, மலை என்று மாற்று இடம் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கேட்பார்கள். கேட்காவிட்டால் அன்று விடுப்பு எடுப்பதில் இழப்பு ஏதுமில்லை. பன்றி இறைச்சி விருந்துக்கு அழைத்தால் தயங்காமல் மறுக்கும் நாவு, இங்கே மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

நம் ஊரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்களின் நிலை வேறு. பயணி சொல்லும் இடத்திற்குக் கொண்டுபோய் விடுவது அவர்கள் தொழில். கூலிக்கு மதுவைச் சுமப்பது பற்றியே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய இரு மாணவர்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. எனவே வயிற்றுப்பாட்டிற்காக வண்டி ஓட்டுபவரையும் பொழுதுபோக்கிற்காகப் போகிறவரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டோம். ஓட்டுநர்கள் தம் நிலையை அருகிலுள்ள ஆலிமிடம் விளக்கித் தீர்ப்புக் கேட்டுக்கொள்வதே முறை. பொழுதுபோக்கிற்குப் போகிறவருக்கோ எந்த நெருக்கடியும் இல்லை. இலட்சம் இடங்கள் திறந்திருக்க, மூடப்பட்ட ஒரு கதவைத்தான் தட்டுவேன் என்று நிற்கிறார்.

திருமண விருந்துகளில் 'ஆல்கஹால் இல்லாத ஷாம்பெயின்' என்று புட்டிகளை உடைத்து நுரை தெளிக்கும் புதுப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வாயு ஏற்றிய வெறும் திராட்சைச் சாறு, சாறு என்ற வகையில் ஆகுமானதே. ஆனால் ஒயினாகவே தயாரித்துப் பிறகு ஆல்கஹாலைப் பிரித்தெடுத்த புட்டிகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றை விட்டு விலகிக்கொள்ளுங்கள். சாறாகவே இருந்தாலும், குடிகாரர்களின் கோப்பையையும் கொண்டாட்டத்தையும் அப்படியே நகலெடுத்து நம் நிக்காஹ் மேடையில் ஏற்றுவது எதற்காக? பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் மனத்தில் பதிவது சாறல்ல, அந்தச் சடங்குதான்.

பயணம் போங்கள், தாராளமாகப் போங்கள்

பூமியில் பயணம் செய்து சிந்திக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. வீட்டிலேயே அடைந்து கிடக்குமாறு நாம் யாருக்கும் சொல்லவில்லை.

நந்தி மலைக்குப் போகிறீர்களா? போகும் வழியில் தேவனஹள்ளி இருக்கிறது. அது திப்பு சுல்தான் பிறந்த ஊர். மலை மீது அவருடைய கோட்டையும் கோடைகால மாளிகையும் இருக்கின்றன. கருவூலத்திற்கு வரும் வருவாய் குறைந்தாலும் தம் ஆட்சியில் மதுவைத் தடுக்க முனைந்தவர் அவர். அத்தகையவரின் பிறந்த மண்ணைக் கடந்துபோய், அவருடைய மலையின் அடிவாரத்தில் ஒயின் ஆலையைத் தேடுவதா?

நாசிக்கிற்கே போகிறீர்களா? அதே மாவட்டத்தில்தான் மாலேகாவ் இருக்கிறது. விசைத்தறி ஓசையில் விழித்து உறங்கும் அந்த ஊரின் நெசவாளச் சகோதரர்களைப் பார்த்து வாருங்கள். அவர்களின் பள்ளிவாசலில் ஒரு நேரத் தொழுகையை நிறைவேற்றுங்கள். இன்னும் சற்றுத் தொலைவு போனால் குல்தாபாத்தில், பேரரசர் ஔரங்கசீப் திறந்த வானத்தின் கீழ் எளிய மண்ணறையில் உறங்குகிறார். ஆட்சியும் செல்வமும் எங்கே போய் முடிகின்றன என்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்றால் உணரலாம்.

அவ்வளவு தொலைவும் வேண்டாமென்றால், செஞ்சிக் கோட்டையில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசல் நமக்கு ஒரு மணி நேரப் பயணம். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே விண்மீன்களைப் பார்த்து ஆண்டின் நீளத்தைக் கணித்தவர் பெயர் உமர் கய்யாம் என்று அங்கே நின்று சொல்லிக்கொடுங்கள். அந்தப் பெயர் ஒட்டப்பட வேண்டிய இடம் புட்டி அன்று, வானம்.

அன்புச் சகோதரர்களே! எந்த ஆலை சிறந்தது, எந்தக் கூடத்தில் காட்சி அழகு என்று பட்டியல் அனுப்பினால், அந்தப் பட்டியலில் நாம் எதையும் தேர்ந்தெடுத்துத் தரமாட்டோம். முழுவதையும் அடித்துவிடுங்கள் என்பதே நம் ஒரே பதில். வாலிபத்தை எதில் கழித்தோம், பொருளை எங்கிருந்து ஈட்டி எதில் செலவிட்டோம் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் மறுமையில் ஒருவரின் பாதமும் நகராது. அன்று 'நான்கில் இரண்டுக்கு மட்டும்தான் போனேன்' என்பது ஒரு விடையாகாது.

ஹலாலில் மனநிறைவையும் ஹராமில் வெறுப்பையும் அல்லாஹ் நம் உள்ளங்களிலும் நம் பிள்ளைகளின் உள்ளங்களிலும் விதைப்பானாக! போதையால் சிதைந்த குடும்பங்களுக்கு, அவர்கள் எச்சமயத்தவராயினும், மீட்சியை வழங்குவானாக! நம் பயணங்கள் அனைத்தையும் நன்மைக்குரியவையாக ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வல்லாஹு அஃலம்.